இறாலுக்கு ஆறு நிமிடம்

ஏர் ஃப்ரையரில் உருளைக்கிழங்கு இரண்டு நிமிடம் கூடுதலாக இருந்தால் இன்னும் கொஞ்சம் மொறுமொறுப்பாகும், அவ்வளவுதான். கோழிக்காலும் பொறுத்துக்கொள்ளும். இறால் பொறுக்காது. உரித்த நடுத்தர இறால் 200 டிகிரியில் ஐந்து, ஆறு நிமிடத்தில் வெந்துவிடும். எட்டு நிமிடம் விட்டால் ரப்பர்தான்.

நேரத்தைக் கவனித்தால் போதுமே என்று தோன்றும். போதாது. நம் வீட்டு இறால் வறுவலில் இறாலைவிட மசாலாவுக்குத்தான் வேலை அதிகம். இஞ்சி பூண்டின் பச்சை வாசனை போக வேண்டும், மிளகாய்த்தூள் எண்ணெயில் வெந்து நிறம் விட வேண்டும், மல்லித்தூளின் மண்வாடை அடங்க வேண்டும். வாணலியில் இது சிக்கலே இல்லை. மசாலாவை முதலில் நிதானமாக வதக்கிவிட்டு, இறாலைக் கடைசியில் போடுகிறோம். ஏர் ஃப்ரையரில் இரண்டும் ஒன்றாக உள்ளே போய், ஒன்றாக வெளியே வருகின்றன. மசாலா வேகும் வரை வைத்தால் இறால் கெட்டிப்படும். இறால் வெந்ததும் எடுத்தால் மசாலா பச்சையாக நாக்கில் ஒட்டும்.

எனவே இந்த அத்தியாயத்துக்கு ஒரே விதி: ஆறு நிமிடத்தில் முடியாத வேலை எதுவோ, அதைக் கூடையில் போடும் முன்பே முடித்துவிட வேண்டும். கீழே வரும் குறிப்புகள் எல்லாம் அந்த விதியிலிருந்து வருபவைதான்.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

பிலிப்ஸ் நிறுவனம் 2010இல் பெர்லின் கண்காட்சியில் ஏர் ஃப்ரையரை அறிமுகப்படுத்தியபோது, எண்ணெய் இல்லாமல் பொரிக்கலாம் என்பதுதான் விளம்பரம். உண்மையில் இது பொரிக்கும் சாதனம் இல்லை, சுடும் சாதனம். மேலே ஒரு மின்கம்பிச் சுருள், அதை ஒட்டி ஒரு விசிறி. சூடான காற்று வேகமாகச் சுழன்று கூடையின் ஓட்டைகள் வழியாக எல்லாப் பக்கமும் படுகிறது. விசிறி வைத்த சின்ன அவன் என்று புரிந்துகொண்டால் இதிலிருந்து எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது தெளிவாகிவிடும்.

கொதிக்கும் எண்ணெய் கடத்தும் அளவுக்குக் காற்று சூட்டைக் கடத்தாது. எண்ணெயில் போட்ட இறால் இரண்டு நிமிடத்தில் பொன்னிறமாகிறது. காற்றில் அதற்கு மூன்று மடங்கு நேரம் தேவை. அந்த நேரத்திலும் ஒரு பகுதியைத் தண்ணீர் தின்றுவிடும். இறாலின் மேல் ஈரம் இருக்கும் வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் வறுத்த மணமும் வர ஏறத்தாழ 140 டிகிரியாவது வேண்டும். ஈர இறாலைப் போட்டால் முதல் மூன்று நிமிடம் ஈரம் ஆவியாவதிலேயே போய்விடும். மேற்புறம் சிவக்கத் தொடங்கும் முன் உள்ளே வெந்து முடிந்திருக்கும். கிடைப்பது வறுத்த இறால் இல்லை, மசாலா பூசிய அவித்த இறால்.

பிளக் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். வீட்டு உபயோக ஏர் ஃப்ரையர்கள் பெரும்பாலும் 1400 வாட்டுக்கு மேல் இழுப்பவை. 1500 வாட் என்றால் நம் 230 வோல்ட் மின்சாரத்தில் ஆறரை ஆம்பியர். மிக்ஸிக்கு இருக்கும் 6 ஆம்பியர் சிறிய பிளக்கில் மாற்றுக்கட்டை வைத்துச் செருக வேண்டாம். கீசருக்கு வைத்திருக்கும் 16 ஆம்பியர் பிளக்தான் இதற்கு. மின்செலவு பயப்படும்படி இல்லை. சூடேற்றுவதையும் சேர்த்துப் பத்து நிமிடம் ஓடினால் கால் யூனிட்டுக்கு மேல் போகாது.

எந்த இறால் வாங்குவது?

மீன் கடையில் இறாலின் அளவைக் ‘கவுண்ட்’ கணக்கில் சொல்வார்கள். 30 கவுண்ட் என்றால் கிலோவுக்கு 30 இறால். எண் சிறிதானால் இறால் பெரிது. ஏர் ஃப்ரையருக்கு 30 முதல் 50 கவுண்ட் வரை தோதாக இருக்கும். அதைவிடச் சிறிய பொடி இறால் மசாலா ஒட்டும் முன்பே சுண்டிவிடும். அதைத் தொக்குக்கோ வடைக்கோ வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பாக்கெட்டில் 21/25 என்று போட்டிருந்தால் அது கிலோ கணக்கு இல்லை, பவுண்டு கணக்கு. ஒரு பவுண்டு 454 கிராம். அப்படிப் பார்த்தால் கிலோவுக்கு 46 முதல் 55 இறால். அதுவும் பெரும்பாலும் தலை நீக்கிய எடை.

சந்தையில் இப்போது அதிகம் கிடைப்பது வனாமி என்ற பண்ணை இறால். தென், மத்திய அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த இந்த இனத்தை வளர்க்க இந்தியாவில் 2009இல் அனுமதி கிடைத்தது. பிறகு ஆந்திரத்திலும் நம் கடலோர மாவட்டங்களிலும் பரவிவிட்டது. கடல் இறாலின் ருசி இதற்கு இல்லை என்பார்கள், உண்மைதான். ஆனால் ஏர் ஃப்ரையருக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஒரே குளத்தில் ஒரே நாளில் பிடித்தவை என்பதால் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும், ஒரே நேரத்தில் வேகும். கடல் இறால் வாங்கினால் பெரிதையும் சிறிதையும் பிரித்து இரண்டு ஈடாகப் போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். அப்போது பெரிய கடல் இறால் என்று யாராவது விற்றால், எந்தப் படகில் வந்தது, எப்போது பிடித்தது என்று கேட்டு வாங்குங்கள்.

நல்ல இறாலைப் பார்த்த உடனே சொல்லிவிடலாம். தலை உடலோடு இறுக ஒட்டியிருக்கும், ஓடு வழுவழுவென்று மின்னும், கையில் எடுத்தால் துவளாது. தலையைப் பிடித்துத் தூக்கும்போது உடல் தொங்கிக் கழன்று வந்தால் பழசு. தலைப்பக்கம் கறுத்திருந்தால் உடனே கெட்டுப்போனது என்று அர்த்தம் இல்லை. இறாலிலேயே இருக்கும் ஒரு நொதி காற்றுப் பட்டு ஏற்படுத்தும் கறுப்பு அது. ஆனால் பிடித்து நேரமாகிவிட்டது என்பதற்கு அடையாளம். நெடியடித்தால், அமோனியா போல மூக்கில் ஏறினால், பேரம் பேசாமல் நகர்ந்துவிடுங்கள்.

“உரிச்சுத் தரவாம்மா, முழுசா எடுத்துக்கிறீங்களா?” என்று கடைக்காரம்மா கேட்பார். உரித்துத் தரச் சொல்வதில் தப்பில்லை. “வால மட்டும் விட்ருங்கக்கா, தண்ணில போடாம குடுங்க” என்று இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். உரித்த இறாலை ஐஸ் தண்ணீர் வாளியில் ஊறவிட்டு அள்ளித் தருவது பல கடைகளில் வழக்கம். அந்தத் தண்ணீரை வீட்டில் நீங்கள்தான் வெளியேற்ற வேண்டியிருக்கும். ஒரு கிலோ முழு இறால் உரித்தால் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் தேறும். நான்கு பேர் தொட்டுக்கொள்ள ஒரு கிலோ வாங்கினால் சரியாக இருக்கும்.

உறைந்த பாக்கெட் இறால் வாங்கினால் பின்பக்கத்தைப் படியுங்கள். சோடியம் டிரைபாலிபாஸ்பேட் என்றோ ஐ.என்.எஸ். 451 என்றோ இருந்தால், அது இறாலுக்குள் தண்ணீரைப் பிடித்துவைக்கச் சேர்ப்பது. கூடையில் சூடேறியதும் அந்தத் தண்ணீர் வெளியே வந்து மசாலாவைக் கழுவிவிடும். வேறு வழியில்லாமல் அதைத்தான் சமைக்க வேண்டும் என்றால் துடைப்பதில் இரட்டைக் கவனம் தேவை. பாக்கெட்டைத் திறக்கும்போதே இறால் இளஞ்சிவப்பாக இருந்தால் அது ஏற்கெனவே வெந்தது. அதற்கு மூன்று நிமிடம் சூடு காட்டினால் போதும், மறுபடி வேகவைக்கக் கூடாது.

உரித்தல், துடைத்தல்

முதுகில் ஓடும் கறுப்புக் கோட்டை நரம்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம், அது குடல். உள்ளே இருப்பது மண்ணும் கழிவும். கத்தி நுனியால் முதுகில் மெல்லிய கீறல் போட்டால் கோடு தெரியும், நுனியாலேயே நிமிண்டி இழுத்தால் முழுதாக வந்துவிடும். கீறல் அரைப் பங்கு ஆழத்தைத் தாண்ட வேண்டாம். ஆழமாக வெட்டினால் இறால் விரிந்து, மெலிந்த பகுதி முதலில் காய்ந்துவிடும். அளவான கீறலில் மசாலா இறங்கும். வெந்ததா என்று பார்க்கவும் அதுவே ஜன்னல்.

மஞ்சளும் உப்பும் போட்டு இரண்டு முறை அலசுவது நம் வழக்கம். அப்படியே செய்யுங்கள். அலசிய பிறகு வடிதட்டில் பத்து நிமிடம் வைத்து, சுத்தமான பருத்தித் துணியில் ஒரே வரிசையாகப் பரப்பி, மேலே இன்னொரு துணி போட்டு அழுத்துங்கள். துணி நனைந்தால் மாற்றுங்கள். இறாலைத் தொட்டால் விரல் ஈரமாகக் கூடாது, லேசாகப் பிசுபிசுக்க வேண்டும். இந்தப் பதம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நேரம் இருந்தால் இன்னொரு படி சேர்த்துக்கொள்ளலாம். 250 கிராம் உரித்த இறாலுக்குக் கால் தேக்கரண்டி உப்பு, அதில் பாதி அளவு சமையல் சோடா. கலந்து ஃப்ரிஜ்ஜில் 15 நிமிடம் வையுங்கள். உப்பு இறாலின் ஈரத்தை உள்ளேயே நிறுத்தி வைக்கும். சோடா மேற்புறத்தைச் சீக்கிரம் சிவக்க வைக்கும். ஆறே நிமிடம் இருக்கும்போது இது பெரிய உதவி. அளவு மீறினால் சோப்பு வாடை வரும், ஆகவே கண்ணளவு வேண்டாம், கரண்டியால் அளந்து போடுங்கள்.

மசாலாவை முன்கூட்டியே வேகவைத்தல்

250 கிராம் உரித்த இறாலுக்கு:

எண்ணெய் – 1 மேசைக்கரண்டி
இஞ்சி பூண்டு விழுது – 1 தேக்கரண்டி
காஷ்மீரி மிளகாய்த்தூள் – 1 தேக்கரண்டி
மல்லித்தூள் – அரைத் தேக்கரண்டி
மஞ்சள்தூள் – கால் தேக்கரண்டி
சோம்புத்தூள் – கால் தேக்கரண்டி
புதிதாக இடித்த மிளகு – அரைத் தேக்கரண்டி
உப்பு – அரைத் தேக்கரண்டி (சோடாவோடு உப்புப் போட்டிருந்தால் கால் தேக்கரண்டி)
அரிசி மாவு – 2 தேக்கரண்டி
கறிவேப்பிலை – ஒரு இணுக்கு
எலுமிச்சை – அரை மூடி

தாளிக்கும் கரண்டியில் எண்ணெயைச் சூடாக்கி, தீயைக் குறைத்து, இஞ்சி பூண்டு விழுதைப் போடுங்கள். முதலில் சடசடவென்று தெறிக்கும், அது விழுதில் உள்ள தண்ணீர். தெறிப்பு அடங்கி, விழுது ஓரத்தில் வெளிர் பொன்னிறமாகி, காட்டமான மணம் இனிப்பான மணமாக மாறும். இரண்டு நிமிடம் ஆகலாம். உடனே அடுப்பை அணையுங்கள். அணைத்த பிறகுதான் தூள்கள் போக வேண்டும். மிளகாய்த்தூள், மல்லி, மஞ்சள், சோம்பு எல்லாவற்றையும் அந்தச் சூட்டிலேயே போட்டுக் கிளறினால் பதினைந்து, இருபது விநாடியில் எண்ணெய் செக்கச்செவேலென்று பிரியும். அடுப்பு எரியும்போது போட்டால் கருகிக் கசக்கும். மிளகை மட்டும் இதில் சேர்க்காமல் வையுங்கள், அதன் மணம் கடைசியில் சேர்த்தால்தான் நிற்கும்.

இந்த மசாலா முழுக்க ஆற வேண்டும். சூட்டோடு இறாலில் பிசைந்தால் ஓரம் எல்லாம் அங்கேயே வெந்து வெளுக்கத் தொடங்கும். ஆறிய பிறகு இறாலைப் போட்டு, உப்பும் மிளகும் சேர்த்து, கீறலுக்குள்ளும் இறங்கும்படி கையால் பிசறுங்கள். இருபது நிமிடம் ஊறினால் போதும்.

எலுமிச்சையை இப்போது பிழிய வேண்டாம். புளிப்பு பட்டால் இறாலின் சதை நெருப்பே இல்லாமல் வெளுத்து இறுகும். அரைமணி, ஒருமணி என்று ஊறினால் மாவு மாதிரி உதிரும். தயிருக்கும் இதே எச்சரிக்கைதான், அதோடு தயிரில் ஈரமும் அதிகம். புளிப்பு எதுவானாலும் தட்டில் எடுத்த பிறகு.

அரிசி மாவும் முன்கூட்டியே வேண்டாம். கூடையில் போடும் முன் தூவிப் பிசறினால் மேற்புறத்தில் மிச்சமிருக்கும் ஈரத்தை உறிஞ்சி, மசாலாவைப் பிடித்து நிறுத்தி, லேசாக மொறுமொறுப்பாகும். முன்னாலேயே சேர்த்தால் கூழாகிவிடும்.

சமைத்தல்

1. ஏர் ஃப்ரையரைக் காலியாக 200 டிகிரியில் நான்கு நிமிடம் ஓடவிடுங்கள். ஆறு நிமிடச் சமையலில் முதல் இரண்டு நிமிடத்தைப் பெட்டி சூடாவதற்குக் கொடுக்க முடியாது.

2. கூடையின் அடியில் எண்ணெய் தொட்ட விரலால் லேசாகத் தடவுங்கள். கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ போதும். செக்குத் தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் இந்தச் சூட்டில் சீக்கிரம் புகையும். அவற்றின் மணம் வேண்டுமானால் 180 டிகிரியில் ஒரு நிமிடம் கூடுதலாக வைத்துச் சமையுங்கள்.

3. இறாலை ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். நான்கு லிட்டர் கூடையில் 250 கிராம் அடங்கும். அரைக் கிலோ இருந்தால் இரண்டு ஈடு. குவித்துப் போட்டால் கீழே உள்ளவை ஆவியில் அவியும்.

4. மூன்றாவது நிமிடம் கூடையை வெளியே இழுத்து ஒரு குலுக்கு. மாவு வெள்ளையாகத் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அங்கே எண்ணெய் படவில்லை என்று பொருள். பம்ப் பாட்டிலால் ஒரு பீச்சு பீச்சினால் சரியாகும்.

5. ஐந்தாவது நிமிடம் திறந்து பாருங்கள். பச்சை இறாலில் ஒரு புரதத்தோடு பிணைந்து சாம்பல் நிறமாகத் தெரியும் நிறமி, சூட்டில் பிணைப்பு விட்டுச் சிவப்பாக வெளிப்படும். அந்தச் சிவப்பை அடையாளமாகச் சொல்வார்கள். ஆனால் நம் மசாலாச் சிவப்பில் அது தெரியாது. முதுகுக் கீறலுக்குள் பாருங்கள். சதை கண்ணாடி போலத் தெரிந்தால் இன்னும் ஒரு நிமிடம். பால் வெள்ளையாகத் தெரிந்தால் எடுத்துவிடுங்கள். தளர்வாக வளைந்திருப்பது சரியான பதம். தலைப்பக்கமும் வாலும் ஒட்டி வளையமாகிவிட்டால் நேரம் தாண்டிவிட்டது. சமையல் வெப்பமானி இருப்பவர்கள் நடுச்சதையில் 63 டிகிரி பார்த்தால் போதும்.

6. உடனே தட்டில் கொட்டுங்கள். அணைத்துவிட்டோமே என்று கூடையிலேயே விட்டால் கூடையின் சூட்டில் வெந்துகொண்டே இருக்கும். எலுமிச்சையைப் பிழிந்து, சூட்டோடு பரிமாறுங்கள்.

கறிவேப்பிலைக்கு ஒரு எச்சரிக்கை. உலர்ந்த இலையைத் தூவினால் விசிறிக் காற்றில் பறந்து மேலே உள்ள சுருளில் ஒட்டிக் கருகும். எண்ணெயில் பிசறி இறாலுக்கு அடியில் செருகுங்கள், அல்லது தாளிக்கும் கரண்டியில் தனியாகப் பொரித்து மேலே போடுங்கள். கூடையில் விரிக்கும் காகிதமும் அப்படித்தான். மேலே பாரம் இல்லாமல் காகிதத்தை மட்டும் வைத்துச் சூடேற்றினால் எழும்பிச் சுருளைத் தொட்டுத் தீப்பிடிக்கக்கூடும்.

நேரக் கணக்கு (200 டிகிரி, முன்பே சூடேற்றிய பெட்டி)

60 கவுண்டுக்கு மேற்பட்ட சிறிய இறால், உரித்தது – 4 நிமிடம்
40 முதல் 50 கவுண்ட், உரித்தது – 5 முதல் 6 நிமிடம்
30 கவுண்டும் அதைவிடப் பெரியதும், உரித்தது – 7 முதல் 8 நிமிடம்
பெரிய இறால், ஓட்டோடு – 8 முதல் 9 நிமிடம்
ரொட்டித்தூள் பூசிய நடுத்தர இறால் – 7 முதல் 8 நிமிடம்
ஏற்கெனவே வெந்த உறை இறால், பனி நீங்கியது – 3 நிமிடம்

பெட்டிக்குப் பெட்டி சூடு வித்தியாசப்படும். முதல் ஈட்டில் குறைந்த நேரம் வைத்துப் பார்த்து, உங்கள் பெட்டியின் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஈடு எப்போதும் அரை நிமிடமாவது முன்னதாக வேகும்.

அதே விதி, வேறு ருசிகள்

யாழ்ப்பாணத் தூள். இலங்கைத் தமிழர் வீடுகளில் கறிக்குப் போடும் தூள் மல்லி, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் வறுத்து இடித்தது. வறுபட்ட தூள் என்பதால் பச்சை வாசனைப் பிரச்சினையே இல்லை. ஒன்றரைத் தேக்கரண்டி தூள், உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் – இவ்வளவையும் நேராக இறாலில் பிசறிக் கூடையில் போடலாம். ஏர் ஃப்ரையருக்கு என்றே யோசித்து வைத்தது போன்ற தூள் இது. கடைசியில் தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு.

அமெரிக்க வகை. அந்நாட்டுச் சமையல் குறிப்புகளில் இறாலுக்கு வதக்கல் எதுவும் இருக்காது. எல்லாவற்றையும் கலந்து உள்ளே வை என்றுதான் இருக்கும். அவர்கள் போடுவது உலர்ந்த பூண்டுத்தூள், பாப்ரிகா, மிளகு போன்றவை. பூண்டு ஏற்கெனவே காய்ந்து தூளானது, பச்சை விழுதின் நெடி அதில் இல்லை. பால்டிமோரில் 1939இல் பிறந்த ஓல்டு பே என்ற மசாலாத்தூள் அங்கே நண்டுக்கும் இறாலுக்கும் பேர்போனது. அந்தக் குறிப்பைப் பார்த்து, பூண்டுத்தூளுக்குப் பதிலாக நம் இஞ்சி பூண்டு விழுதைப் போடுவதால்தான் பல வீடுகளில் பச்சை வாடை வருகிறது. மாற்றுவதானால் வதக்கி மாற்றுங்கள்.

ரொட்டித்தூள் இறால். வெள்ளை ரொட்டித்தூளை அப்படியே பூசினால் இறால் வெந்த பிறகும் தூள் வெளுப்பாகவே இருக்கும். அரைக் கப் தூளுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, தோசைக்கல்லில் இளம் பொன்னிறமாக வறுத்து ஆறவையுங்கள். இறாலுக்கு உப்பு, மிளகு போட்டு, மைதாவில் புரட்டி, அடித்த முட்டையில் தோய்த்து, இந்தத் தூளில் அழுத்தி எடுங்கள். பஜ்ஜி மாவு போலக் கரைத்த மாவில் தோய்த்துப் போடலாமா என்றால், கூடாது. எண்ணெயில் அந்த மாவு விழுந்த நொடியே இறுகும். காற்றில் இறுகும் முன்பே ஓட்டை வழியாக வடிந்து அடித்தட்டில் அடையாகிவிடும்.

ஓட்டோடு. பெரிய இறாலை முதுகில் கத்தரிக்கோலால் ஓட்டை வெட்டி, குடலை எடுத்து, அந்தப் பிளவில் வதக்கிய மசாலாவைத் திணியுங்கள். ஓடு சதையைக் காக்கும், அதனால் நேரத்தில் ஒரு நிமிடம் முன்பின் ஆனாலும் கெடாது. முதன்முறை இறால் வைப்பவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

வெங்காயம் தக்காளியோடு வேண்டுவோர். தொக்கை வாணலியில் எண்ணெய் பிரியும் வரை தனியாகச் சுண்ட வையுங்கள். இறால் உப்பும் மிளகும் மட்டும் போட்டு ஏர் ஃப்ரையரில் ஐந்து நிமிடம். அடுப்பை அணைத்த பிறகு இரண்டையும் கலந்து புரட்டுங்கள்.

குறை, காரணம், மாற்று

மசாலா இறாலில் நிற்காமல் கூடையில் ஒட்டிவிட்டது: இறால் ஈரமாக இருந்தது, அல்லது கூடை சூடாகவில்லை. துடைப்பதையும் சூடேற்றுவதையும் சரிபாருங்கள்.

அடித்தட்டில் தண்ணீர் தேங்கியது: கூடையில் கூட்டம் அதிகம், அல்லது பாஸ்பேட் போட்ட உறை இறால். ஈடுகளாகப் பிரியுங்கள். உறை இறாலை முதல் நாள் இரவே ஃப்ரிஜ்ஜின் கீழ்த்தட்டில் வடிதட்டோடு வைத்தால் பனி உருகிய தண்ணீர் தானாக வடிந்துவிடும்.

வெந்தது, ஆனால் சிவக்கவில்லை: எண்ணெய் போதவில்லை. ஏர் ஃப்ரையர் என்றால் எண்ணெயே கூடாது என்பதில்லை. 250 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி மசாலா வேகவும் மேற்புறம் சிவக்கவும் தேவை. எண்ணெயில் முக்கிப் பொரிப்பதோடு பார்த்தால் இது சொற்பம்.

மசாலா கறுத்து, இறால் சரியாக வெந்தது: தூளில் சர்க்கரை இருக்கும், அல்லது அடுப்பிலேயே மசாலா கருகியிருக்கும். கடைத் தந்தூரி மசாலா, சாஸ் வகைகளில் சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 180 டிகிரி போதும்.

ஒவ்வாமையும் சுத்தமும்

இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இந்த அத்தியாயத்தைத் தாண்டிவிடுங்கள். ஒவ்வாமைக்குக் காரணமான முக்கியப் புரதம் சூட்டில் அழிவதில்லை. சமைக்கும்போது வரும் ஆவியே சிலருக்குத் தொந்தரவு கொடுக்கும். இந்தச் சாதனமோ அந்த ஆவியை விசிறி வைத்து வெளியே தள்ளுகிறது. விருந்தினர் வரும் நாளில், இறால் சமைத்த கூடையிலேயே அடுத்ததாக உருளைக்கிழங்கு போடும் முன் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

வாடை போக வேண்டுமானால் கூடை வெதுவெதுப்பாக இருக்கும்போதே வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். ஸ்க்ரப்பர் கம்பி வேண்டாம், பூச்சு உரியும். கடையில் விற்கும் அழுத்தக் குப்பி எண்ணெய் ஸ்ப்ரேக்களில் பலவற்றில் லெசித்தின் உண்டு. அது சூட்டில் பிசின் போலப் படிந்து பூச்சைக் கெடுக்கும். சாதாரண எண்ணெயை ஊற்றி வைத்த பம்ப் பாட்டில் போதும். வாரம் ஒருமுறை, பிளக்கைப் பிடுங்கி, பெட்டி ஆறிய பிறகு, மேலே உள்ள சுருளையும் ஈரத்துணியால் துடையுங்கள். பழைய இறால் வாடை பெரும்பாலும் அங்கேதான் ஒட்டியிருக்கும்.

மிச்சமானால்

சமைத்த இறாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். மூடி போட்டு ஃப்ரிஜ்ஜில் வைத்து மறுநாளே தீர்த்துவிடுங்கள். திரும்ப 200 டிகிரியில் வைத்தால் ஒரு முறை தப்பித்த இறால் இந்த முறை கெட்டிப்பட்டுவிடும். 160 டிகிரியில் இரண்டு நிமிடம் சூடு காட்டினால் போதும். அதைவிட நல்ல வழி, சூடே காட்டாமல் பொடியாக நறுக்கி, முட்டைப் பொடிமாஸிலோ மிளகுச் சாதத்திலோ சேர்ப்பது. வெங்காயம், மிளகாய், முட்டை எல்லாம் முடியட்டும். அடுப்பை அணைத்து, வாணலியின் மிச்சச் சூட்டில் இறாலைப் போட்டு இரண்டு புரட்டு புரட்டி இறக்குங்கள்.